கோழிக்குப் பயந்த மதுமதி

பக்கத்துத் தோட்டத்து மதுமதிக்குக் கோழி என்றால் பயம். நாமக்கல் பக்கம் பிறந்துவிட்டு இப்படியொரு பயமா என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். இத்தனைக்கும் எங்கள் வட்டாரத்தில் லட்சக்கணக்கான கோழிகளைக் காப்பது அவள் எழுதிய மென்பொருள்தான்.

என் பண்ணையில் இருப்பதுபோல் மூடிய கோழி ஷெட்டில் மின்விசிறி நின்றால் சித்திரை வெயிலில் கோழி மூச்சுமுட்டிச் சாகும். அதனால் ஷெட்டுக்கு ஒரு சின்னக் கணினிப் பெட்டி வைத்தாள். கரண்ட் போனால் அந்தப் பெட்டியும் செத்துவிடுமே, சேதியை யார் சொல்வது? மற்றப் பெட்டிகள் சொல்ல வேண்டும். ஆகவே எல்லாப் பெட்டிகளும் ஒன்றையொன்று "இருக்கிறாயா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. பத்துப் பன்னிரண்டு ஷெட் இருந்தவரை ஒரு குறையுமில்லை. சுற்றுப்பட்டுப் பண்ணைகளெல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கில் பெருகியதும் சந்தைக்கடை ஆகிவிட்டது. அந்த இரைச்சலில் என் ஷெட் விசிறி நின்ற சேதி சிக்கிக்கொண்டது. எனக்குப் போன் வந்தபோது பாதிக் கோழி போய்விட்டது.

மதுமதியிடம் சத்தம் போட்டேன். அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. "கோழியக் கண்டா ஓடற புள்ளைக்கு அதோட அருமை எப்புடித் தெரியும்?"

அவள் சாக்குப்போக்கு சொல்லவில்லை. "தப்பு எம்பட மேலதானுங்க மாமா. நீங்க அடுத்த பேட்ச் குஞ்சு உடறதுக்குள்ள சரி பண்ணிடறனுங்க" என்றாள்.

சொன்னபடி செய்தாள். இப்போது ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பெட்டியை மட்டும் கேட்கும். பதில் இல்லையென்றால் உடனே எழவு சொல்லிவிடாது. இன்னும் இரண்டு மூன்று பெட்டிகளிடம், நீங்களும் அதைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லும். அவற்றுக்கும் பதில் வராவிட்டால்தான் சேதி கிளம்பி, பெட்டிக்குப் பெட்டி பரவும். "அப்பா போன் எடுக்கலைன்னா அக்கம்பக்கத்து ஊட்டுல கேப்பமுங்கல்ல, அதேதானுங்க மாமா" என்று சிரித்தாள். எத்தனை ஷெட் சேர்ந்தாலும் ஒரு பெட்டிக்கு வேலை அதிகமாகாது. உரிமையாளருக்கு மட்டுமில்லாமல், அந்த நேரம் ஷெட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும் ஆளுக்கும் போன் போகும்படி செய்தாள்.

புதுக்குஞ்சு வாங்கி விட்டேன். இன்னொரு முறை போனால் பண்ணையை மூட வேண்டியதுதான் என்று என் மனைவி சௌந்திரம் சொல்லியிருந்தாள்.

இந்தச் சித்திரையில் வேலையாட்களோடு எங்கள் வீட்டில் எல்லோரும் ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் தானாகக் கிளம்பவில்லை. எச்சில் கையோடு காரில் ஏறினேன். வழியெல்லாம் செத்த கோழிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

வந்து இறங்கினால் விசிறிச் சத்தம் கேட்கிறது. ஒரு கோழிகூடச் சாகவில்லை.

ஜெனரேட்டரை ஓட்டினால் மட்டும் போதாது. விசிறி சுவிட்சைப் போடக் கூண்டு வரிசைகளுக்கு நடுவே கடைக்கோடிவரை நடக்க வேண்டும். அந்தக் கடைக்கோடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு மதுமதி நின்றாள். கிட்டத்தில் இருந்த ஆள் அவள்தான். இருபுறமும் கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

"எப்புடியோ உள்ள வந்துட்டனுங்க மாமா. திரும்பி வரத்தான் முடியல."

வரிசைகளுக்கு நடுவே நடந்து அவளிடம் போனேன்.

"கண்ண மூடிக்க சாமி. எங்கையப் புடிச்சுக்க" என்றேன்.