சித்தப்பாவின் கேசட்டில் நாங்கள் பாடியது

எங்கள் வீட்டில் சாக்ஸபோன் சோறு போட்டது. அதனால் அதற்கு மரியாதை இருந்தது. சித்தப்பா ரிசப்ஷன்களில் வாசிப்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரும்போது ஒன்று, கேக் வெட்டும்போது ஒன்று, பிரியாணிப் பந்திக்குச் சினிமாப் பாட்டு. ஆடுகோடியில் எங்களோடுதான் இருந்தார். தம்பி வாசித்தால் கல்லும் கரையும் என்று அப்பா சர்ச் கொயரில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தார்.

அதே சித்தப்பா வேறு மாதிரியும் வாசிப்பார் என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா ஃபேக்டரிக்குப் போன ஒரு மத்தியானம், பெயர் எதுவும் எழுதாத கேசட் ஒன்றைப் போட்டார். அவரும் இரண்டு சிநேகிதர்களும் ஒரு காலி குடோனில் வாசித்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தலை வலித்தது. சாக்ஸபோன் கத்தியது, இருமியது, நடுவில் எங்கோ போய்விட்டது. இது என்ன என்று கேட்டேன்.

"ஜாஸ்தான் பாப்பா. ஜாஸ்காரங்களே காதைப் பொத்திக்கிற ஜாஸ்," என்றார்.

பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் நானே போடச் சொன்னேன். கேட்கக் கேட்க, மூன்று பேரும் சண்டை போட்டபடியே ஒருவர் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்று பட்டது. சாக்ஸபோன் மூச்சு வாங்கும் இடத்தில் டிரம்ஸ் காத்திருக்கும். அந்த இடம் வரும்போது என்னையறியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். சர்ச்சில் எந்தப் பாட்டுக்கும் அப்படி ஆனதில்லை.

ஜனவரியில் அந்த கேசட்டை ஒரு வெளிநாட்டுக் கலாச்சார மையத்தில் கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் மேடை தருவார்கள். டிரம்ஸ் வாசித்த கன்னடக்காரர் அதற்குள் துபாய் ஹோட்டலில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆகவே இருந்தது அந்த ஒன்றுதான். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று சித்தப்பா கேசட்டின் முதுகிலிருந்த பிளாஸ்டிக் மூக்கை உடைத்துவைத்திருந்தார்.

அந்த டிசம்பரில்தான் காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றிக்கொண்டது, தமிழர்களைக் கண்டால் அடித்தார்கள். ஊரடங்கு போட்டார்கள். ஜன்னலோரம் நின்று தமிழில் பேசினால் அம்மா என் வாயைப் பொத்துவாள். அத்திபெலேயில் ரிசப்ஷனுக்கு வாசிக்கப் போன சித்தப்பா பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்டையும் சர்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நாமே பாடுவோம், பதிந்துவைப்போம் என்றார். புது கேசட் வாங்கக் கடை ஏது? அலமாரியைக் குடைந்து அந்தப் பெயரில்லாததை எடுத்தார், போட்டுக் கேட்டார், முகத்தைச் சுளித்தார். யாரோ பதியத் தெரியாமல் பதிந்து சொதப்பியிருக்கிறார்களாம்.

அது சித்தப்பா வாசித்தது என்று சொன்னேன். அழுதும் சொன்னேன்.

"என் தம்பி வாசிச்சா இப்படியா இருக்கும்? அவனை எனக்குத் தெரியாதா?"

தம்பியை நான் கேவலப்படுத்திவிட்டதாக அப்பாவுக்குக் கோபம். மறுபடி பதிய வசதியாக, மூக்கு உடைந்த ஓட்டையில் காகிதத்தை மடித்து அடைத்தார். இரண்டு பக்கமும் நிறையும்வரை தணிந்த குரலில் பாடினோம். இயேசு பிறந்த சந்தோஷத்தை நான் விசும்பிக்கொண்டே பாடினேன். எனக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று அம்மா கஷாயம் போட்டாள்.

பஸ் ஓடத் தொடங்கியதும் சித்தப்பா வந்தார். அப்பா பெருமையாகப் போட்டுக் காட்டினார். சித்தப்பா கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தார், காகித அடைப்பை விரலால் தடவினார், திரும்ப உள்ளே வைத்து முழுக்கக் கேட்டார். வெடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நல்லா வந்திருக்குண்ணா," என்றார்.

அப்பாவை என்னால் எப்படியோ மன்னிக்க முடிந்தது; அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்காகச் சித்தப்பாவை இன்னும் முடியவில்லை. ஜனவரி வந்தது, போனது. அவர் ரிசப்ஷன்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் கேட்டேன். மற்றவர்கள் இல்லாவிட்டால் என்ன, உங்கள் பங்கை மட்டுமாவது வாசியுங்கள், நான் கேட்கிறேன் என்றேன்.

"அது அன்னைக்கு வந்தது பாப்பா. மறுபடி வராது."

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பாட்டுப் புத்தகத்தில் எண் போட்டு இருந்தவை. எண்ணைச் சொன்னால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரும். வாசித்தவருக்கே திரும்ப வராத பாட்டும் உண்டென்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்காக வாசிக்க அவருக்குச் சோம்பல் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.