பேசாத நெட்வொர்க் கார்டு

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன் வாழ்க்கையில் பாதி, பழுதாகாத பொருளைப் பார்ப்பதிலேயே போகிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு நெட் வரவில்லையென்றால், போர்டிலேயே பதித்திருக்கும் நெட்வொர்க் கார்டு செத்துவிட்டது என்று தென்காசி வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மனிதகுல நன்மை கருதி இதை மறுக்கிறேன். அது சாகவில்லை, நம்மோடு பேசவில்லை, அவ்வளவுதான். கறுப்புத் திரை முன் கழுத்து வலிக்க உட்கார்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

சாரல் பிடித்த பெட்டி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ், சீசன் நேரம். மேனேஜர் கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டால் போர்த்தி, பக்கத்தில் குண்டு பல்பு எரியவிட்டிருந்தார். சாரல் ஈரம் கார்டுக்குள் இறங்கிவிட்டதாம். பார்த்தேன், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை. அதை நெட்டிலிருந்து இறக்க வேண்டும் என்றேன்.

என் செல்போனை வயரில் இணைத்து, அதன் நெட்டில் இறக்கி முடிக்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுச் சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டு, கதவத் தொறக்கணும்னா உள்ள போகணும்னு சொல்லுதீய."

ராணுவ உத்தரவு

வடகரையில் முத்துலட்சுமி வீடு. கணவர் ராணுவத்தில் இருக்கிறார். விடுப்பில் வந்தவர், மகள் கவிதாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விண்டோஸில் நெட் வந்தது, லினக்ஸில் வரவில்லை. நான் போன மறுநாள் காலை கவிதாவுக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். அதில் கொடுக்கும் வேலையை லினக்ஸில்தான் செய்துகாட்ட வேண்டும்.

மலையடிவாரத்தில் மூட்டம் போட்டால் செல்போன் நெட் படுத்துவிடும்; அதை நம்பி நேர்காணலில் உட்கார முடியாது. டிரைவரும் ஏற்கெனவே இருந்தது. மதியம் முழுக்கக் கட்டளை கட்டளையாகத் தட்டினேன். கவிதா நகம் கடித்தாள். விட்டுவிட்டுக் கேட்ட போனில் அவள் அப்பா சொன்னார்: "இங்கன பனியில லாரியவே ஸ்டார்ட் பண்ணுதோம் அண்ணாச்சி. ஒரு கார்டு அட்ட, அது எந்திரிக்க மாட்டேங்குதா?"

இடி

சாயங்காலம் மலைப்பக்கம் இடித்தது. எங்கள் பக்கம் இடிக்கு ஒரே வைத்தியம், கண்ணில் படும் பிளக்கையெல்லாம் பிடுங்குவது. முத்துலட்சுமி டிவியில் தொடங்கி, மிக்சி, பிரிட்ஜ் வழியாக எங்களை நோக்கி வந்தார்.

"அம்மா, இதத் தொடாத. சார் பாதி வேலையில இருக்காரு."

"ஏட்டி, பெட்டி எரிஞ்சா நாளைக்கு எத வச்சுப் பேசுவ?"

பிடுங்கிவிட்டார். மழை விட்டபின் மறுபடி மாட்டி, லினக்ஸைத் திறந்தால் நெட் ஓடியது. கவிதா இரண்டு பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். நான் விளக்கினேன்: விண்டோஸ் மூடும்போது சில கார்டுகளைத் தூங்கவைத்துவிடும்; கம்ப்யூட்டரை அணைத்தாலும் பிளக் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் அந்தத் தூக்கம் கலையாது; அடியோடு பிடுங்கினால்தான் விழிக்கும். இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

முத்துலட்சுமி பொறுமையாகக் கேட்டார். "அப்பம் மத்தியானமே பிடுங்கியிருக்கலாமே அண்ணாச்சி."

கவிதாவுக்கு வேலை கிடைத்து வீட்டிலிருந்தே பார்க்கிறாள். இப்போது இடி இடித்தால் முத்துலட்சுமி எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டருடையதை மட்டும் அவளைக் கேட்டுவிட்டுப் பிடுங்குகிறார்.