ஜன்னல் கம்பியில் தொங்கிய வயர்

ஒத்தக்கடையில் வேலை பார்த்த ஹெட்போன் கடையை விட்டுவிட்டு, துணிப்பையோடு மேலூர் ரோட்டில் மாட்டுத்தாவணியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, ஒரு வேலையை விட்டு நடப்பது புதிதல்ல. பாதி வழியில் போன் அடித்தது. எங்கள் கடை வாடிக்கைக்காரி செல்வி.

"அண்ணே, மறுபடியும் பாட்டு வருதுண்ணே. நாளைக்குக் காலைல டீம் லீடர் நான் பேசுறதக் கேக்கப் போறாங்க."

நான் கடையை விட்டதற்கே அந்தப் பாட்டுதான் காரணம்.

செல்விக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. உள் அறையில் பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கும் அப்பா. இனியும் இரைச்சல் வந்தால் சென்னை ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

ஆபீஸ் கொடுத்த யூஎஸ்பி ஹெட்செட்டின் வயர் குட்டை. அதை மாட்டிக்கொண்டு அப்பா அறை வாசல்வரை போக முடியாது. அதனால் எங்களிடம் ப்ளூடூத் வாங்கினாள். சுற்றிலும் வீட்டுக்கு வீடு வைஃபை. அது குறுக்கிட்டு, குரல் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு முதலாளி முருகேசன் அண்ணன், மைக் வைத்த சாதா ஹெட்செட்டில் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரைச் சேர்த்து, தானே போய் மாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவள் பேச்சுக்குப் பின்னால் ரேடியோ பாட்டு.

அண்ணன் கடை வைப்பதற்கு முன்பு கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டியவர். குழாய் ஸ்பீக்கர் கட்ட அவரோடு எத்தனையோ மரம் ஏறியிருக்கிறேன். பந்தலுக்குப் பின்னால் ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறோம். அன்று நான் செல்வி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு, விற்ற சரக்குக்குப் பின்னால் அலையக் கூடாது என்றார். பேச்சு தடித்தது. "அம்புட்டு அக்கறன்னா அங்கிட்டே போயிரு மாப்ள" என்றார். பையை எடுத்துவிட்டேன்.

போனை வைத்ததும் வந்த வழியே திரும்பினேன்.

செல்வி வீட்டில் மீந்த வயரை அண்ணன் வளையம் வளையமாகச் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். ரேடியோ செட்காரர்களுக்கு அது கை வழக்கம். யாரும் மிதிக்க மாட்டார்கள், அவிழ்ப்பதும் சுலபம். பந்தலில் அது சரி. இந்த மெல்லிய வயருக்கு அதுவே ரேடியோ அலையைப் பிடிக்கும் ஏரியல். கட்டை அவிழ்த்துத் தரையில் போட்டதும் பாட்டு பாதி குறைந்தது. எக்ஸ்டென்ஷனைக் கழற்றினால் அடியோடு நிற்கும். ஆனால் வாசல்வரை எட்டாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து அளந்துகொண்டிருந்தோம்.

உள்ளேயிருந்து அவள் அப்பா கோணிய வாயால் கூப்பிட்டார். பஸ் கண்டக்டராக இருந்தவர்.

"ஏப்பா, வயர எதுக்கு இழுக்குறீக? மேசைய இழுங்க."

மேசையை அவர் அறை வாசலுக்கு இழுத்தோம். அலமாரியில் கிடந்த ஆபீஸ் ஹெட்செட்டைத் தூசி தட்டி மாட்டினோம். அதன் வயரில் நெல்லிக்காய் பருமனில் ஒரு கருப்பு உருளை இருக்கும். ரேடியோ அலையை மறிப்பதற்கு. செல்வி பேசிப் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். அவள் குரல் மட்டும் கேட்டது.

"பாட்டக் காணோம்? நல்ல பாட்டால்ல ஓடுச்சு" என்றார் அப்பா. அவள் சிரித்துவிட்டாள்.

கடையைத் தாண்டித்தான் திரும்பிப் போனேன். அண்ணன் யாருக்கோ வயர் சுற்றிக்கொண்டிருந்தார். அதே அழகான வளையம். உள்ளே போகவில்லை. இன்றும் எந்தக் கயிறு கையில் கிடைத்தாலும் அவர் சுற்றுகிற மாதிரியேதான் சுற்றுகிறேன். எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், மேசை எங்கே கிடக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மறுநாள் காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். தலையில் மூட்டை இருக்கும்போதே போன் அடித்தது. டீம் லீடர் கேட்டுவிட்டாராம். சென்னைக்கு வர வேண்டாமாம். சந்தோஷம் என்று சொன்னேன். பக்கத்தில் ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"இப்ப உங்க பக்கந்தாண்ணே ஒரே இரைச்சல்" என்றாள்.