ஹார்லன் கட்டிய பட்டை

ஹார்லன் ஸ்டெனருட் இருபத்தாறு வருஷமாகத் திறந்த லாரி ஓட்டுகிறவர். குழாய், பலகை, இரும்புச் சுருள் என்று எதை ஏற்றினாலும், வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்ஸாஸ் வரை அவர் பட்டை போட்டு இறுக்கிய சரக்கு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. இந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு ஊரில் மற்ற எல்லாரையும் மட்டம் தட்டுவார். டிரைவர்கள் சாப்பிடும் கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

கழுத்து பெருத்தால் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் என்று, இந்த வசந்தத்தில் கம்பெனி டாக்டர் டேப் வைத்து அவர் கழுத்தை அளந்தார். பதினெட்டரை அங்குலம். தூக்கத்தைச் சோதித்ததில் மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது என்று வந்தது. டாக்டர் லாரி ஓட்ட மூன்று மாதத்துக்கு மட்டும் சான்று எழுதினார். அதற்குள், மூச்சு நிற்காமல் காற்றை ஊதும் மெஷினின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கியதாக அந்த மெஷினே சாட்சி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் லாரி சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

டாக்டரைத் திட்டுவதிலேயே கிட்டத்தட்ட இரண்டு மாதம் போய்விட்டது. பாக்கி ஒரு மாதமும் இரண்டு நாளும் இருக்கையில், மனைவி லவோன் அவரை மாஸ்க் கடைக்குக் கூட்டிப்போனாள். வண்டியை அவள்தான் ஓட்டினாள். சிக்னலில் நிற்கும்போதே அவர் தூங்கிப்போன நாளிலிருந்து, அவர் ஓட்டும் வண்டியில் அவள் ஏறுவதில்லை.

மாஸ்க் பொருத்திவிடும் ரோக்ஸான் மேசைமேல் மூன்றை வைத்தாள். மூக்குத் துளையில் மட்டும் செருகுவது ஒன்று, மூக்கை மூடுவது ஒன்று, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஒன்று.

"இது என்ன, மாட்டுக்குப் போடற மூக்கணாங்கயிறா?"

"மாடு சொன்ன பேச்சு கேக்கும்," என்றாள் லவோன்.

"மூச்சு மூக்கால விடுறீங்களா, வாயாலயா?" என்று ரோக்ஸான் கேட்டாள்.

"மூச்சே விடலன்னுதானம்மா உங்காளு அனுப்பிருக்கான்."

"வாயாலதான்," என்றாள் லவோன். "அடுத்த ரூம்ல படுத்துக்கிட்டு ஆறு வருஷமா கேக்கறேனே."

ரோக்ஸான் அளவு பார்க்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டையை அவர் மூக்குக்கும் தாடைக்கும் நடுவே பிடித்துப் பார்த்தாள். "வாயையும் மூடறதுதான் சரி. மீடியம்."

"மீடியமா? என் தொப்பி என்ன சைஸ் தெரியுமா உனக்கு?"

"தொப்பி தலைக்குங்க. இது மூஞ்சிக்கு."

ஹார்லன் பெரியதைப் பிடுங்கித் தானே மாட்டினார். சரக்குக்குப் போடுவதுபோல் பட்டையை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கினார். ரோக்ஸான் மெஷினைப் போட்டாள். காற்று மூக்கோரமாகச் சீறிக்கொண்டு கண்ணில் அடித்தது. இன்னும் இறுக்கினார். இன்னும் சீறியது. கன்னம் பிதுங்கி முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"இறுக்க இறுக்க ஒழுகத்தான் செய்யும்," என்றாள் ரோக்ஸான். "உள்ள இருக்கற ரப்பர் காத்துல லேசா உப்பி நிக்கணும். நசுக்கிட்டா எப்படி உப்பும்?"

அவர் மாஸ்க்கைக் கழற்றி வீசாத குறையாக வைத்தார். "பட்டை கட்ட எனக்கே சொல்லித் தர்றியா? இருபத்தாறு வருஷம்!"

"நீங்க கட்டறது இரும்ப. மீடியத்த மாட்டிக்கிட்டு அந்தக் கட்டில்ல படுங்க. படுத்தா மூஞ்சி வேற மாதிரி ஆகும்."

"முன்னப்பின்ன தெரியாத பொம்பளை முன்னாடி நான் படுக்கமாட்டேன்."

"சிக்னல்ல தூங்குனப்ப எத்தன பொம்பளைங்க ஹாரன் அடிச்சாங்க, அப்ப எங்க போச்சு இந்த வெக்கம்?" லவோன் ரோக்ஸான் பக்கம் திரும்பினாள். "அந்தப் பெருசையே பையில போடும்மா. மாசக் கடைசில லாரி சாவிய நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன். இந்த மனுஷன் வீட்ல உக்காந்து என் உயிர வாங்கட்டும்."

ஹார்லன் அவளை முறைத்தார். அப்புறம் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். மீடியத்தை மாட்டியதும் அவர் கை தானாகப் பட்டைக்குப் போனது.

"கைய எடு," என்றாள் லவோன். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும்படி விட்டு, அவளே மாட்டினாள். சீறல் நின்றது. மெஷினில் சிவப்பாக இருந்த விளக்கு பச்சையானது.

அவள் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினாள். இரண்டு சமையல் குறிப்பு தாண்டியதும் நிமிர்ந்தாள். குறட்டைச் சத்தம் இல்லை. அந்த மாதிரி நிசப்தம் வந்தால் மனசுக்குள் எண்ணுவது அவளுக்கு வழக்கம். இருபது, முப்பது என்று போய்ப் பிறகுதான் அவர் திணறி மூச்சு இழுப்பார். இப்போது நாலு எண்ணுவதற்குள் நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் நாலுதான்.

"மெஷின் சரியாத்தான் ஓடுதா?"

"ஓடுதும்மா. தூங்கறார்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

ஹார்லன் விழித்ததும் முதல் வார்த்தையாக, "கண்ண மூடிட்டிருந்தேன். தூங்கல," என்றார்.

"இருபத்திரண்டு நிமிஷம்," என்றாள் ரோக்ஸான்.

"பொய்."

"டாக்டர் நம்பப்போறது உங்கள இல்ல, இந்த மெஷினத்தான்."

அவர் மீசையை நீவிக்கொண்டு மாஸ்க்கைப் பார்த்தார். "சரி, அதையே குடு. பெட்டி மேல லார்ஜ்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டு."

"முடியாது."

வெளியே வந்ததும் அவர் லவோனிடம் கையை நீட்டினார். "கார் சாவி."

"இருபத்திரண்டு நிமிஷத்துக்கா? ஒரு மாசம் தூங்கிட்டு வந்து கேளு."

ஹார்லன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வீடு வரும்வரை ரோக்ஸானைத் திட்டிக்கொண்டே வந்தார்.