இணைப்பு எண் பதினான்கு

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பரளச்சியை அடுத்த எங்கள் ஊர் வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நூலின் பருமன், முறுக்கு, இழுவை என்று பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். வீட்டிலும் அப்படித்தான். பீரோ கதவில் அம்மாவின் மருந்துப் பட்டியல் ஒட்டியிருக்கும்.

அன்றைக்கு அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தன.

"என்னம்மா இது?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஒரு நா விட்டு ஒரு நா போட்டாப் போதும்னு தோணுச்சு" என்றார்.

"யாருக்குத் தோணுச்சு? டாக்டருக்கா?"

"எனக்குத்தேன். அவரா மாத்திரை வாங்கித் தாராரு?"

அதற்கு முந்தைய வருடம்தான் புற்றுநோய்க் கட்டி இருந்ததால் அம்மாவுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. ஆனால் நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் போட வேண்டிய மாத்திரையை மதுரையில், வெளிக்கடையில், கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். அப்பா ராணுவத்தில் இருந்தவர்தான். ஆனால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய வருடங்கள் முடியும் முன்பே குடும்பச் சூழ்நிலையால் ஊர் திரும்பிவிட்டதால், படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவச் சலுகை எதுவும் எங்களுக்கு இல்லை. என் சம்பளத்திலும், மழையை நம்பி அப்பா போடும் மக்காச்சோளத்திலும்தான் வீடு ஓடியது. அம்மா தன் மருந்தைப் பாதியாகக் குறைத்து எங்களுக்கு உதவிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் கைப்பேசியில் ஓர் அரசு உத்தரவை அனுப்பியிருந்தார். நான் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படித்த காலத்தில், வடக்கே ஒரு முகாமில் ராணுவக் குடியிருப்பில் இருந்தோம். அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுத்த ஆழ்துளைக் கிணற்றில், பக்கத்து வண்டிப் பட்டறையின் கழிவு பல வருடங்களாகக் கலந்திருந்ததாம். அங்கே குடும்பத்தோடு ஒரு மாதமாவது தங்கியிருந்து, பட்டியலில் உள்ள நோய்களில் ஏதாவது ஒன்று வந்திருந்தால், மருத்துவச் செலவை அரசு திருப்பித் தரும். ஓய்வூதியம் இல்லாதவர்களும் கேட்கலாம். நோய்ப் பட்டியலில் அம்மாவின் நோயும் இருந்தது.

நான் உரக்கப் படித்தேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.  அம்மா, "அந்தத் தண்ணியையா சொல்றாக?" என்றார்.

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அம்மா பிறந்தது திருச்சுழிப் பக்கம். கல்யாணம் ஆகும்வரை நல்ல தண்ணீர் ஒரு குடத்துக்காகக் காட்டு வழியே நடந்தவர். அந்தக் குடியிருப்பில்தான் முதன்முதலாகக் குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர் வருவதைப் பார்த்தார். ஊர் திரும்பிய பிறகும் யார் வந்தாலும் அதைத்தான் சொல்வார்: "இனிப்புன்னா அம்புட்டு இனிப்பு. நாலு வீட்டுத் தண்ணியை ஒத்தை ஆளாக் குடிச்சேன்." வடக்கே வாழ்ந்த வாழ்க்கையில் அவர் பெருமையாகச் சொல்ல இருந்த ஒரே விஷயம் அந்தத் தண்ணீர்தான்.

அந்த நோய் அந்தத் தண்ணீரால்தான் வந்ததா என்று மருத்துவரிடம் கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உத்தரவும் அந்த உறுதியைக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றைத்தான்: அந்தக் காலத்தில் அம்மா அங்கே இருந்ததற்கு ஆதாரம்.

இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கோப்பு தயாரித்தேன். அப்பாவின் பணிச் சான்று, திருமணச் சான்று, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்து ரசீதுகள் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கமும் வைத்தேன். வீடு ஒதுக்கிய தாளைக் கரையான் தின்றிருந்தது. அதற்குப் பதிலாக அந்த வீட்டு வாசலில் நாங்கள் மூவரும் நிற்கும் ஒரு புகைப்படத்தைச் சேர்த்தேன். கடைசியில் இன்னும் ஒன்று இருந்தால் பலமாக இருக்குமே என்று தோன்றியது. எங்கள் பெயர்கள் ஒன்றாக இருக்கும் பழைய ரேஷன் கார்டை, ஒரு பக்கம் விடாமல் நகலெடுத்து இணைத்தேன். அது இணைப்பு எண் பதினான்கு. கோப்பை விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தேன்.

தை பிறந்ததும் பதில் வந்தது. 'தாங்கள் சமர்ப்பித்த ஆவணத்தின்படியே, குறிப்பிட்ட காலத்தில் குடும்பம் சொந்த ஊரில் வசித்தது தெரிகிறது' என்று எழுதி, விளக்கம் தர ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள்.

மில்லில் லீவு சொல்லிவிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன். பாலவனத்தம் தாண்டுவதற்குள் கோப்பை மூன்று முறை புரட்டியிருப்பேன். எங்கே தவறு என்று எனக்குப் பிடிபடவில்லை.

அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களைப் பார்த்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அக்கா. கோப்பைத் திறந்து பொருளடக்கத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க வேலை பாக்குறீகம்மா?"

"மில்லுலக்கா. குவாலிட்டி செக்ஷன்."

"அதானே பாத்தேன். இம்புட்டு அழகா இங்க யாரும் ஃபைல் கொண்டாந்ததில்ல. ஆனா உங்க கேஸை நீங்களே ஒடைச்சிருக்கீக."

ரேஷன் கார்டு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். நாங்கள் வடக்கே இருந்த இரண்டு வருடமும், மாதா மாதம், சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் டிக் அடித்திருந்தது. அம்மா பெயர் இரண்டாவது வரியில் இருந்தது.

"இந்தக் கார்டு என்ன சொல்லுது? உங்கம்மா ரெண்டு வருசமும் இங்ஙன இருந்து சீனி வாங்கித் தின்னாகன்னு சொல்லுது. இங்க சீனி தின்னவுக அங்க எப்படித் தண்ணி குடிச்சிருப்பாகன்னு மேல கேக்குறாக."

 அது பெரியப்பா வீட்டோடு இருந்த கூட்டுக் கார்டு. ஊரை விட்டுப் போனபோது யாரும் பெயரை எடுக்கவில்லை. பெயர் இருந்தால் சீனி வரும். திரும்பி வந்தால் புதுக் கார்டுக்கு அலைய வேண்டாம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். அதை நானே நகலெடுத்து, எண் போட்டு, அரசாங்கத்திடம் கொடுத்திருந்தேன். நூலில் ஒரு முடிச்சைக்கூட விடாமல் கண்டுபிடிக்கிறவள், அந்த டிக்குகளைப் பார்க்கவே இல்லை.

"பேரை எடுக்காம விட்டுட்டாகக்கா" என்றேன்.

"தெரியும்மா. பொழைக்கப் போனவுக யாரு எடுத்துட்டுப் போனாக? எங்க சித்தப்பா சூரத்துக்குப் போயி இருவது வருசமாச்சு. நேத்து வரைக்கும் எங்க கார்டுலதேன் இருந்தாரு. இதை நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீக." பிறகு குரலைத் தாழ்த்தி, "நடந்ததை மறைக்காம ஒரு கடுதாசி எழுதுங்க. உங்கம்மா கையெழுத்துப் போடட்டும். ஆனா அது மட்டும் பத்தாது. உங்கம்மா அங்கதேன் இருந்தாகன்னு அந்த ஊருத் தாளு ஒண்ணு வேணும்" என்றார்.

"போட்டோ இருக்கேக்கா."

"போட்டோவுல தேதி இல்ல. ரெண்டு நா சுத்திப் பாக்கப் போனாலும் போட்டோ எடுக்கலாம். அங்க நீங்க பள்ளிக்கூடம் போனீகளா?"

"ஒண்ணும் ரெண்டும் அங்கதான்."

"அப்ப ரேங்க் கார்டு குடுத்திருப்பாகளே. மாசாமாசம் வீட்ல கையெழுத்துக் கேப்பாகளே. யாரு போட்டா?"

நான் கோப்பின் பொருளடக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

அப்பா அந்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி எல்லைப் பணியில் இருந்தார். குடியிருப்பில் நானும் அம்மாவும்தான். ரேங்க் கார்டில் அம்மாதான் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது வரை படித்தவர். தமிழில், முழுப் பெயரையும், பெரிது பெரிதாகப் போடுவார். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ போட்டிருப்பார்கள். ஒரு நாள் டீச்சர் என் கார்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டி, ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து, இனிமேல் நீ கையெழுத்துப் போடாதே, அப்பா வந்து போடட்டும் என்று கத்தினேன். அடுத்த மாதம் அப்பா வரவில்லை. அம்மாதான் போட்டார். அந்தக் கார்டை அதன் பிறகு நான் திறந்துகூடப் பார்க்காமல் டீச்சரிடம் நீட்டிவிடுவேன். என் பட்டியலில் பணிச் சான்று முதல் மருந்து ரசீது வரை எல்லாம் இருந்தன. இது ஒன்று என் நினைவுக்கே வரவில்லை.

"அம்மாதான் போட்டாங்கக்கா. ஆனா அந்தக் கார்டு இப்ப இருக்கான்னு தெரியல."

"போயித் தேடுங்க" என்றார் அவர்.

சாயங்காலம் வீடு வந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் பயம்தான் வந்தது.

"சீனி வாங்குனதுக்கு இப்ப கேஸு போடுவாகளா?"

"போட்டா எங்கண்ணன் மேல போடட்டும்" என்றார் அப்பா. "தின்னது அவருதானே." அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து அப்பா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ரேங்க் கார்டு என்றதும் அம்மா எழுந்தார். நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலே சாமி படங்களுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதில் தாலி வாங்கிய ரசீது, அப்பாவின் பழைய கடிதங்கள், இரண்டு ரேங்க் கார்டுகள். அட்டையில் முகாம் பள்ளியின் முத்திரை, வருடம், என் பெயர், எங்கள் குடியிருப்பு எண் எல்லாம் இருந்தன.

"இதை எதுக்கும்மா வச்சிருக்க?"

"அதுக்கு முன்னாடி என் கையெழுத்தை யாரு கேட்டா?" என்றார்.

திறந்தேன். ஒன்றாம் வகுப்பில் முதல் நான்கு மாதங்களின் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டம் வரை போயிருந்தது. ஐந்தாவது மாதத்திலிருந்து எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டது. கட்டத்தின் இடது மூலையில், எறும்பு வரிசை மாதிரி, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாம் வகுப்பு முடியும்வரை அப்படியே.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தியது அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. 

அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் போனேன். கடிதத்தை நான் எழுதியிருந்தேன். ரேஷன் கார்டில் பெயரை எடுக்காதது எங்கள் தவறு என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டிருந்தேன். கையெழுத்தைத் தன் முன்னாலேயே போடட்டும் என்றார் அந்த அக்கா. அம்மா பேனாவை வாங்கி, கடிதத்தின் அடியில் கையெழுத்துக்கு நான் போட்டிருந்த கட்டத்தைப் பார்த்து, என் பக்கம் குனிந்து கேட்டார்: "சின்னதாப் போடவா?"

அவருக்கு நினைவிருந்தது.

"எப்பவும் போடுற மாதிரி பெருசாவே போடும்மா" என்றேன். 

அம்மா போட்டார். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. அந்த அக்கா கடிதத்தையும் ரேங்க் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாதமாக விரலை வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கைதேன். சுழி கூட மாறல. இதை விட வேற என்னம்மா ஆதாரம் வேணும்?" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம், "ஏக்கா, எழுத்து நல்லாத்தானே இருக்கு, நடுவுல என்ன இம்புட்டு சுருக்கிட்டீக?" என்று கேட்டார்.

"பேனாவுல மை கம்மியா இருந்துச்சு" என்றார் அம்மா.

சித்திரையில் உத்தரவு கைக்கு வந்தது. பழைய ரசீதுகளில் முத்திரை இல்லாத சிலவற்றைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் இனி வாங்கும் மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் செலவு திரும்பி வரும் என்று ஆனது. இப்போது அம்மா தினமும் மாத்திரை போடுகிறார். அட்டையை நான் எண்ணினால், "இன்னும் என் மேல நம்பிக்கை வரலையா?" என்று திட்டுகிறார். அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்.

கோப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. பதினான்காம் எண்ணில் இப்போது இரண்டு ரேங்க் கார்டுகள் இருக்கின்றன. மில்லில் பல வருடங்களாக ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கிறுக்கலைத்தான் கையெழுத்தாகப் போட்டுவந்தேன். அம்மாவோடு விருதுநகர் போய்த் திரும்பிய மறுநாளிலிருந்து தமிழில், முழுப் பெயரையும், கட்டம் நிறையப் போடுகிறேன்.