சாயத் தொட்டியில் நடந்த வைத்தியம்

பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையோரம் இயற்கை வைத்தியத்துக்கென்று முதல் கொட்டகை போட்டவன் நான். இடுப்புக் குளியல் தொட்டி மூன்று, ஆவிக் குளியலுக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, மண் பட்டி போடச் சலித்த மண் ஒரு வண்டி, ஆசனத்துக்கு ஓலைப் பாய் பன்னிரண்டு. எல்லாம் என் கையால் ஆனவை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சாயப் பட்டறையில் நூல் அலசி வயிறு வளர்த்தவன். என் தீராத வயிற்று வலி இடுப்புக் குளியலில் அடங்கியதும், அதைப் பற்றிய சிறு புத்தகத்தைத் தபால்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டே மனப்பாடம் செய்தேன். பட்டம் வாங்கியவர்கள் யாரும் அன்று இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நோயாளி

கொட்டகை திறந்து எட்டு நாள் ஒருவரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் பாவாயி என்கிற பெண் தன் புருஷன் இருசப்பனைக் கைபிடித்து நடத்தி வந்தாள். நெசவாளி. குழந்தை அம்மையில் போனதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை, பேச்சில்லை, தறியில் நாடாவைப் பிடித்தால் கை நடுங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டு டாக்டர் ஒருவர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வரும் அமாவாசைக்குள் தேறாவிட்டால் கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவது என்று அவன் அண்ணன்மார் முடிவு செய்திருந்தார்கள்.

"இருவது நாளுதானுங்க இருக்குது. முடியுமுங்களா?"

"பத்து நாளு போதும் அம்மிணி. அந்த மருந்துப் பாட்டிலை மட்டும் ஆத்துல போட்டிரு."

"சரிங்க" என்றாள்.

இருசப்பனைத் தொட்டியில் உட்கார வைத்தேன். பட்டறையில் தள்ளிவிட்ட மரச் சாயத் தொட்டியை அறுத்து நான் செய்தது. மூன்று முறை கழுவியிருந்தேன். மரம் குடித்திருந்த சாயத்தைப் பற்றி யோசிக்கவில்லை. கால் மணி நேரத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது.

"ஐயோ, ரத்தம் போவுதுங்களே!" என்று பாவாயி கத்தினாள். கூட வந்து வெளியே நின்ற பெரிய அண்ணன் உள்ளே பாய்ந்து என் கழுத்துத் துண்டைப் பிடித்தார். இருசப்பன் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தான்.

"ரத்தமில்லீங்ண்ணா. சேலைச் சிவப்பு. இவரு அலசுன நூலை வாங்குனவன் கதி என்ன ஆவறது?"

வெகு நாளைக்குப் பிறகு அவன் முழுதாகப் பேசியது அதுதான். அண்ணன் துண்டை விட்டார். அன்றே தொட்டிகளின் உள்பக்கம் முழுவதையும் இழைத்தேன். இருசப்பன் இடுப்புக்குக் கீழே ஒரு வாரம் சிவப்பாக இருந்தான். வேறு குறையில்லை.

குளியல் பிடித்துப்போனது. மூச்சுப் பயிற்சி வரவில்லை. மல்லாக்கப் படுத்து எண்ணச் சொன்னால், நான்கு எண்ணுவதற்குள் எழுந்துவிடுவான்.

"சும்மா கெடந்தா புள்ள நெனப்பு வருதுங்க."

புத்தகத்தில் இதற்கு வழி இல்லை. நானே கண்டுபிடித்தேன். அவன் வீட்டுக்குப் போய்த் தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். பாவாயியை நெய்யச் சொன்னேன். தறி இரண்டு முறை அடிக்கும்வரை மூச்சு உள்ளே. நான்கு முறை அடிக்கும்வரை வெளியே. எண்ண வேண்டியதில்லை, காதே பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள் இழை அறுந்து தறி நின்றது. அவனும் மூச்சை நிறுத்திக்கொண்டான். அவள் இழையைப் பிணைத்து முடிக்கிறவரை விடவில்லை. முகம் கறுத்துவிட்டது. தறி நின்றால் வழக்கம்போல் மூச்சு விடலாம் என்பதை அதன்பிறகு எல்லா நெசவாளிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் தறி ஓடும்போதே தூங்கிப்போனான். அமாவாசைக்கு முந்தின நாள் தறியில் உட்கார்ந்தான். கை நடுங்கவில்லை. அண்ணன்மார் வந்து ஒரு முழம் நெய்கிறவரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இருசப்பன், பாவாயி இருவரையும் கூட்டிக்கொண்டு பரிசலில் ஆற்றைக் கடந்து டாக்டரிடம் போனேன்.

"மருந்தே இல்லாம கொணப்படுத்திட்டேனுங்க" என்றேன்.

பாவாயி மடியிலிருந்து காலி பாட்டிலை எடுத்து டாக்டர் மேஜைமேல் வைத்தாள்.

"மருந்தை ஒரு வேளை கூட நிறுத்தலீங்க. சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து வாங்கிட்டுப் போனேன். வைத்தியரு மனசு வருத்தப்படுவாருன்னு இவருகிட்டச் சொல்லலீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "இதைத் திடீர்னு நிறுத்தியிருந்தா இவனுக்கு வலிப்பு வந்து உயிரே போயிருக்கும். ஆனா ரெண்டு மாசமா என் மருந்து மட்டும் இவனைத் தறிக்கு அனுப்பலை. இத பாரு மாரப்பா, குளிக்க வை, மூச்சு விடக் கத்துக்குடு. என் பாட்டில்ல மட்டும் கை வைக்காதே."

அன்றுமுதல் கொட்டகைக்கு வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி, டாக்டர் மருந்தை நிறுத்தாமல் சாப்பிடுகிறீர்களா என்பதுதான். சாப்பிடவில்லை என்றால் பரிசல் துறைக்கு அனுப்பிவிடுவேன். பிள்ளைகளும் அப்படியே செய்யுங்கள்.

இருசப்பன் குணமான கதையை டாக்டர் பிறகு பல கூட்டங்களில் சொன்னார். "மருந்தும் கொஞ்சம் ஓய்வும்" என்று சொன்னார். அது ஓய்வு அல்ல, வைத்தியம். செய்தவன் நான். இந்தப் பக்கத்து இயற்கை வைத்தியத்தைப் பற்றி யார் எழுதினாலும் மாரப்பன் என்று என் பெயரைப் போட வேண்டும். மருந்துக்கு டாக்டர் பெயரைப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாவாயி பெயரையும் போட வேண்டும். என் பெயருக்கு அடுத்த வரியில்.