கயிற்றில் கை வைத்தவர்கள்

கயிறு இறுகியது. கெப் வண்டியின் பின்சக்கரங்கள் ஒருமுறை பிடித்து, பிறகு நின்ற இடத்திலேயே சுழன்றன. காலிதீன் இறங்கிப் பார்த்தான். சக்கரங்கள் பாதிவரை ஈரமணலுக்குள் போயிருந்தன. கயிற்றின் மறுமுனையில் ஸிராஜ் ஹாஜியாரின் படகு, பாதி கடலிலும் பாதி கரையிலுமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே இயந்திரங்கள், நனைந்த வலை, நிறையச் சூடை மீன்.

"இன்னொருக்கா இழு" என்றார் ஹாஜியார்.

"இழுத்தா இன்னும் தாழும்."

"கட்டாரில இழுத்த ஆள்தானே நீ?"

கட்டார்ப் பாலைவனத்தில் மணலில் புதைந்த வாகனங்களை இழுத்தெடுப்பதுதான் அவன் வேலை. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். சக்கரம் காய்ந்த மணலில் நிற்க வேண்டும். கயிறு நீளமாக இருக்க வேண்டும். இவை அவனுக்குத் தெரியாதவை அல்ல. அந்த உழைப்பில் வாங்கிய பழைய கெப்பைத் தவிர அவனுக்கென்று ஒன்றும் இல்லை. குடியிருக்கும் வீடு மனைவி ஸுல்பிகாவுடையது. அவளுக்குச் சீதனமாக அதைக் கட்டிக் கொடுத்தவர் அவளுடைய மூத்த சகோதரர், நிப்றாஸ் காக்கா. வீடு முடியும்வரை கடலில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றியே யோசித்தார்.

சாய்ந்தமருதுக் கரையில் படகேற்றுவது முன்பு கைகளின் வேலையாக இருந்தது. படகு வந்ததும் கயிறு விழும், நிற்கிறவர்கள் பிடிப்பார்கள். கூலி கிடையாது. கயிற்றில் கை வைத்தவனுக்குக் கறிக்கு மீன். கடலுக்குப் போக முடியாதவர்கள், படகை விற்றவர்கள், வேறு வேலை கிடைக்காதவர்கள் என்று பல வீட்டு அடுப்புகள் அதில் எரிந்தன. கடல் தொழிலை விட்டபிறகு நிப்றாஸும் கயிற்றுக்கு வந்தார். முன்னால் நின்று குரல் கொடுப்பவர் அவர்தான்.

கெப் வந்ததும் அது முடிந்தது. ஒரு வாகனம், ஒரு கயிறு, மீனில் ஒரே ஒரு பங்கு. ஹாஜியாருக்கு அது பிடித்தது. மற்றப் படகுக்காரர்களும் காலிதீனைக் கூப்பிடத் தொடங்கினார்கள். கயிற்றுக்காரர்கள் மீன் வாடிக் கொட்டிலின் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிப்றாஸ் தங்கையின் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஸுல்பிகா ஒருநாள் அதைச் சொன்னபோது, தான் யாருடைய கையையும் பிடித்து நிறுத்தவில்லை என்றான் காலிதீன்.

அவனுடைய நீளக் கயிறு முந்தின நாள் அறுந்திருந்தது. மிச்சமிருந்த துண்டு எட்ட வேண்டுமானால் கெப் தண்ணீரோரம் வரை இறங்க வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தது. இன்றைக்கு ஏலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். வாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கட்டார்க்காரருக்குத் தண்ணியக் கண்டா பயமாக்கும்."

சிரித்தார்கள். அவன் டயரில் காற்றைக்கூடக் குறைக்காமல் பின்னால் இறக்கினான்.

இப்போது அலை பின்கதவைத் தொட்டுவிட்டுப் போனது. பலகையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் செருகினான். அடுத்த அலை பலகையைக் கொண்டுபோனது. ஹாஜியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாடிக்கு நடந்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. எல்லோரும் எழுந்து வந்தார்கள். முன்னால் நிப்றாஸ்.

"போட்டையா, கெப்பையா, ஹாஜியார்?"

"முதல்ல போட்ட இழுங்க."

நிப்றாஸ் குனிந்து கெப்பின் கொக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றினார். தங்கள் கயிற்றையும் சேர்த்துக் கட்டினார்கள். பழைய குரல் எழுந்தது. படகு அசைந்து, கெப்பின் பக்கவாட்டால் மேலேறி, காய்ந்த மணலுக்குப் போனது. காலிதீன் மறுபடி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைப் பார்த்தான். தண்ணீர் கதவுக்கடியால் உள்ளே வந்தது. இறங்கி ஓடினான்.

"மச்சான், ஒருக்காக் கை குடுங்க. எல்லாரும் பிடிச்சா வந்திரும்."

நிப்றாஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கெப்புல மீன் இல்லயே மச்சான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கயிறு தாங்காது என்றார். இன்னொருவர் பள்ளியில் வாங்கு சொல்லப்போகிறார்கள், தொழப் போக வேண்டும் என்றார். ஹாஜியார் மீன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பங்கு பிரித்தார்கள். ஆளுக்கொரு பையோடு கரையேறிப் போனார்கள். காலிதீன் கையால் மணலைத் தோண்டினான். தோண்டிய குழியை ஒவ்வொரு அலையும் வந்து மூடியது. பொழுது சாய்ந்து மஃரிபுக்கு வாங்கு சொன்னபோது இயந்திரமூடியின் மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் காரைதீவிலிருந்து ஒரு உழவு இயந்திரம் வந்தது. சங்கிலி போட்டு இழுத்ததில் கெப் வெளியே வந்தது. முன்பம்பர் கழன்று மணலிலேயே நின்றுவிட்டது. அக்கரைப்பற்றில் கராஜ்காரர் கியர்பெட்டியைத் திறந்து பார்த்தார். உப்புத்தண்ணீரும் மணலும் இருந்தன. இதில் இனிச் சுமை இழுக்க முடியாது என்றார். காலிதீன் பஸ்ஸில் திரும்பி வந்தான்.

பின்னேரம் ஹாஜியாரின் படகு வந்தது. கயிறு விழுந்தது. காலிதீன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாகப் பிடித்தான். முன்னால் நிப்றாஸ் குரல் கொடுத்தார். படகு ஏறியபிறகு, வெள்ளிக்கிழமையிலிருந்து படகேற்ற மருதமுனைக் கெப் ஒன்று வரும், நீளக் கயிறும் அவர்களிடம் இருக்கிறது என்று ஹாஜியார் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நிப்றாஸ் மீனைப் பிரித்தார். காலிதீனுக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்த அளவுதான் கொடுத்தார். ஸுல்பிகா அதைக் கழுவித் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் வைத்தாள்.